ஆணி அடிக்காத சுவர்கள்

மகனே,

உன் அக்கா மகன் முத்து பள்ளி இறுதிப் பரீட்சையில் கணக்கில் முதலாவதாக வந்துவிட்டான். திருமங்கலத்திலிருந்து பஸ் ஏறி வந்து சொல்லிவிட்டு, ஒரு சொம்பு மோர் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிப் போனான். ஆனி மாதம் மதுரையிலே காலேஜில் சேருகிறான். நம் இரண்டு பக்கத்து வம்சத்திலும் காலேஜ் வாசலை மிதிக்கிற முதல் கால் அவனுடையது. அவன் தங்கை பார்வதி கல்லுப்பட்டிப் பள்ளியில் தக்களி நூற்றுப் பரிசு வாங்கியிருக்கிறாள். அவள் நூற்ற நூலில் நெய்த துண்டை எனக்குக் கொடுத்தனுப்பினாள். அதைத் தோளில் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். உன் மகன் பாலு பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷில் பேசிப் பதக்கம் வாங்கினான் என்று நீ எழுதியதைத் தெரு முழுக்கப் படித்துக் காட்டினேன். என்ன பேசினான் என்று கேட்டார்கள். அது எனக்குத் தெரியாது, ஆனால் என் பேரன் நன்றாகத்தான் பேசியிருப்பான் என்று சொன்னேன். உன் மகள் காமாட்சி, பாட்டு வாத்தியார் ஒருமுறை பாடியதை மறுமுறை தப்பில்லாமல் பாடுகிறாளாம். ஐந்தாவதோடு படிப்பு நிறுத்தப்பட்ட எனக்கு இப்படிப் பேரன் பேத்திகள். இதில் எனக்குள்ள பெருமையை நான் ஒளிப்பதில்லை. நீங்கள் யாரும் என்னிடமிருந்து ஒளிக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இந்தக் கடிதம்.

போன வாரம் நீ அனுப்பிய தடித்த உறை வந்தது. அதில் மூன்று காகிதங்கள். ஒன்று, அப்பாவின் படத்தை நம் நகர் படிப்பகத்தில் திறந்து வைக்கும் அன்று அச்சடித்துக் கொடுப்பதற்காக நீ எழுதிய வாழ்க்கைக் குறிப்பு. அம்மா பார்த்துத் திருத்தி அனுப்பவும் என்று மேலே எழுதியிருந்தாய். இரண்டாவது, எனக்குக் கால் வீக்கம் வற்றவில்லை, மூச்சு இரைக்கிறது என்று டாக்டர் எழுதினாராம், அதனால் திருமங்கலத்தில் அக்கா வீட்டில் போய்க் கொஞ்ச நாள் இருந்தால் காற்று மாறும் என்று நீ எழுதிய கடிதம். மூன்றாவது, நான் இப்போது இருக்கிற இந்த வீட்டை விற்பதற்கு நான் கையெழுத்துப் போட வேண்டிய பத்திரம். மூன்றுக்கும் சேர்த்து இது ஒன்றுதான் பதில். படிப்பகத்தில் ஊர் கூடியிருக்கும்போது இதை உரக்க வாசித்தாலும் எனக்கு ஒன்றும் இல்லை. வாசித்தால் நல்லது என்றுகூட நினைக்கிறேன்.

குறிப்பை நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். பொட்டல் காட்டை நகரமாக்கியவர், ஆலைத் தொழிலாளிக்கும் சொந்த வீடு உண்டு என்று காட்டியவர், சிறந்த குடும்பத் தலைவர். அதற்குச் சாட்சியாக ஒரு சம்பவமும் சேர்த்திருக்கிறாய். உனக்கு ஐந்து வயதிருக்கும்போது அப்பா எல்லோரையும் வில்வண்டியில் ஏற்றித் திருமங்கலம் அத்தை வீட்டுக்குக் கூட்டிப் போனார், வழியில் திருப்பரங்குன்றத்தில் வண்டியை நிறுத்திக் கருப்பட்டி மிட்டாய் வாங்கி உன் கையில் கொடுத்தார், அத்தனை வேலைக்கு நடுவிலும் பிள்ளைகளோடு ஊர்ப் பயணம் போகிற மனசு அவருக்கு இருந்தது என்று. மிட்டாய் வாங்கிக் கொடுத்தது உண்மை. அந்த வண்டி எதற்குப் போனது என்று நீ என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை. ஐந்து வயதுப் பிள்ளைக்கு வண்டி என்றால் ஊர்ப் பயணம்தான். முப்பத்துமூன்று வயதிலும் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தால் அதை நான்தான் திருத்த வேண்டும். நீயே திருத்தச் சொல்லியிருக்கிறாய்.

முதலில் இருந்து சொல்கிறேன். உன் அப்பா கல்லுப்பட்டிப் பக்கத்துப் பருத்திக் காட்டு ஆள். மதுரைக்கு வந்து ஒரு பஞ்சு வியாபாரியிடம் கணக்கெழுதிக்கொண்டிருந்தவர், ஆலைகள் வளர வளர ஆட்கள் குடியிருக்க இடமில்லாமல் திண்டாடுவதைப் பார்த்தார். பழங்காநத்தத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சோளக் காட்டை வாங்கி, சுண்ணாம்புப் பொடியால் கோடு இழுத்து மனை மனையாகப் பிரித்தார். நாலு வீடு கட்டி நிறுத்தினார். ஒருவரும் வாங்கவில்லை. வருவார்கள், வாசலில் நிற்பார்கள், சுற்றிலும் இருக்கிற பொட்டலைப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள். அப்போது அவருக்குத் தரகு பார்த்தவர் காதர் ராவுத்தர். உனக்குத் தெரிந்த அதே காதர் மாமாதான், அன்றைக்குத் தாடி கறுப்பு. எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

"மாப்ள, வீடு நல்ல வீடுதான். ஆனா வெளக்கு எரியாத வீட்டப் பாத்தா எவனுக்கு வாங்கத் தோணும்? ஒரு கோலம் இல்ல, ஒரு புகை இல்ல, ஒரு பிள்ள அழுற சத்தம் இல்ல. நரிதான் அச்சாரம் குடுக்கும்."

"அதுக்கு நா என்னடா பண்ண? வாடகைக்கு வேணா ஒரு குடும்பத்த வைக்கவா?"

"வாடகைக்கு எதுக்கு வைக்கிற? ஒனக்கு ஒரு குடும்பம் இருக்குல்ல?"

காதர் அண்ணன் விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ. உன் அப்பா விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை நான் பாலும் பானையுமாக அந்தப் பொட்டல் வீட்டுக்குக் குடி போனேன். வாசலில் சாணி தெளித்துக் கோலம் போட்டேன். எனக்கே எனக்கென்று ஒரு வீடு வந்துவிட்டது என்று அந்த முதல் காலையில் நான் சந்தோஷப்பட்டதை மறைக்க மாட்டேன். மூன்றே மாதத்தில் அந்த வீடு விலை போயிற்று. பக்கத்து வீட்டுக்குச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு போனோம். அதுவும் போயிற்று. அன்றிலிருந்து இதுதான் வழக்கம். புதிதாக ஒரு தெரு போட்டால் அதன் கடைசியில், மற்றவர்கள் பயப்படுகிற மூலையில், முதல் குடி நாம்தான். கண்மாய்க் கரையா, நாம். சுடுகாட்டுக்குப் போகிற பாதையா, நாம். வீட்டுக்கு ஆள் வந்தால் போவோம், அடுத்த வீட்டுக்கு. உன் பள்ளிக்கூடத்துப் பதிவில் விலாசத்தை மாற்றி மாற்றி அலுத்துப்போன வாத்தியார், இனிமேல் பென்சிலில் எழுதுகிறேன் என்றாராம். அதை நீயே ஒருநாள் சிரித்துக்கொண்டு சொன்னாய்.

வீடு பார்க்க ஆள் வருகிற நாள் உனக்கு நினைவிருக்கும். காலையிலேயே சொல்லிவிடுவார். நான் தலைக்குப் பூ வைக்க வேண்டும். அடுப்பு எரிய வேண்டும், பச்சை விறகாக இருந்தாலும் சரி, புகை வெளியே தெரிய வேண்டும். நீங்கள் மூன்று பேரும் முகம் கழுவி வாசலில் விளையாட வேண்டும். வந்தவருக்குக் கிணற்றுத் தண்ணீரை நான் சொம்பில் கொண்டுவந்து கொடுப்பேன்.

"குடிச்சுப் பாருங்கண்ணே. எளநி தோத்துப் போகும்," என்பார் உன் அப்பா. "எங்க பிள்ளைகளப் பாருங்க, எம்புட்டுத் தெடமா இருக்குன்னு. எல்லாம் இந்தத் தண்ணிதான். வீடு ராசியில்லாட்டி எங் குடும்பத்த வச்சிருப்பேனா?"

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் ஆட்கள் முன்பணம் கொடுத்தார்கள். குடும்பஸ்தர், பொய் சொல்ல மாட்டார் என்று. பிறகு என்னை ரிஜிஸ்தர் ஆபீசுக்குக் கூட்டிப் போவார். என் ராசிக்கு என்று மனையெல்லாம் என் பெயரில் வாங்குவதால் விற்கும்போது நான்தான் கையெழுத்துப் போட வேண்டும். கைநாட்டு வைக்கிற பெண்களுக்கு நடுவே நான் பேனா பிடித்து முழுப் பெயரும் எழுதுவதைப் பார்த்து, "எங்க வீட்டம்மா அஞ்சாவது வரைக்கும் படிச்சவக," என்று அங்கிருக்கிறவர்களிடம் சொல்லுவார். குடியிருந்த வீட்டை என் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டு வருவதற்குத்தான் என் அஞ்சாவது உதவியது.

ஒரு வீட்டில் காலண்டர் மாட்ட ஓர் ஆணி அடித்தேன். சாயங்காலம் வந்தவர் என்னை ஒரு சொல் திட்டவில்லை. ஆணியைப் பிடுங்கி, சுண்ணாம்பைக் குழைத்து, அந்த ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்து, மேலே மெழுகி, தள்ளி நின்று பார்த்தார். "பூச்சு கெட்டுப் போச்சுனா வாங்க வாரவங்க கொற சொல்லுவாங்க. அடுத்த வீட்ல அடிச்சுக்க," என்றார். அடுத்த வீட்டிலும் அதையேதான் சொன்னார். சாமி படங்களைச் சுவரோரமாகத் தரையில் சாய்த்து வைத்துத்தான் நான் கும்பிட்டேன். படம் எடுக்கப் போவோம் என்று நான் கேட்டபோதும் அதே மாதிரி ஒரு பதில். நம்ம வீடென்று ஒன்று நிற்கட்டும், அதற்கு முன்னால் எல்லோரும் நின்று எடுத்துக்கொள்வோம் என்றார். அதனால் உன் பெரிய அக்காவுக்குப் படமே இல்லை. உனக்கு இரண்டு அக்காக்கள் இருந்தார்கள் என்பது உனக்குத் தெரியும். பெரியவள் காய்ச்சலில் போனாள் என்பதும் தெரியும். அவள் பெயரைத்தான் உன் மகளுக்கு வைக்கச் சொன்னேன். அதற்கு மேல் உனக்கு ஒன்றும் தெரியாது.

அப்போது நாம் கண்மாய்க் கரை வீட்டில் இருந்தோம். மதுரையில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒருவர் அதற்கு அச்சாரம் கொடுத்து, குடிபுக நாளும் குறித்தாயிற்று. காமாட்சிக்கு எட்டு வயது. காய்ச்சல் வந்து விடவே இல்லை. மருந்து கொடுத்துக்கொண்டிருந்த வைத்தியர் ஒருநாள் காலையில் நாடி பார்த்துவிட்டு உன் அப்பாவை வாசலுக்குக் கூப்பிட்டார். அவர் போனதும் உன் அப்பா உள்ளே வந்து மாடத்திலிருந்த பஞ்சாங்கத்தை எடுத்தார். பிள்ளைக்கு நல்ல நேரம் பார்க்கிறார் என்று நான் நினைத்தேன். பார்த்து முடித்துவிட்டு, திருமங்கலத்தில் ஒரு கைராசிக்கார வைத்தியர் இருக்கிறார், கிளம்பு, பிள்ளைக்குக் காற்றும் மாறின மாதிரி இருக்கும் என்றார்.

"மதுரையில இல்லாத வைத்தியரா திருமங்கலத்துல இருக்காரு? அங்க உள்ளவங்கதான இங்க வாராக," என்றேன்.

"சொன்னாக் கேளு. வண்டி சொல்லியாச்சு."

சின்ன அக்காவைப் பக்கத்து வீட்டில் விட்டோம். நீ வருவேன் என்று அழுததால் உன்னையும் ஏற்றிக்கொண்டோம். வைக்கோல் பரப்பி மேலே ஜமுக்காளம் விரித்து, காமாட்சியை என் மடியில் கிடத்தினேன். நீ வண்டிக்காரருக்குப் பக்கத்தில் முன்னால் உட்கார்ந்திருந்தாய். திருப்பரங்குன்றத்தில் மிட்டாய் வேண்டும் என்று நீ கேட்டாய், வாங்கிக் கொடுத்தார். காமாட்சிக்கும் ஒன்று வாங்கினார். அது அவள் கையிலேயே பிசுபிசுத்துக் கிடந்தது. அவள் கண்ணைத் திறந்து வண்டிக் கூண்டைப் பார்த்தாள்.

"அம்மா, இந்த வீட்டுக்கு எப்பம்மா குடி வந்தோம்? கூரை தாழ இருக்கே."

நான் என்ன பதில் சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. அவள் கேட்டது மட்டும் இருக்கிறது.

உச்சி வெயிலில் உன் அத்தை வீட்டு வாசலில் வண்டி நின்றது. உன் அத்தை, அவருடைய கூடப் பிறந்த தங்கை, வெளியே வந்து வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். பிள்ளையைப் பார்த்தாள், பிறகு அண்ணனைப் பார்த்தாள். அவள் வீட்டிலும் பஞ்சாங்கம் உண்டு. இரண்டு கையையும் நிலைப்படியில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, இன்னைக்கு மதியத்தோட அவிட்டம் பெறக்குது. ஒங்க புது வீடு அடைபடக் கூடாதுன்னு எங்க வீட்டுக்குக் கொண்டாந்திங்களா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவிட்டம் தொடங்கி அடுத்தடுத்து வருகிற அஞ்சு நட்சத்திரத்தில் ஒரு வீட்டில் உயிர் போனால் அந்த வீட்டை மாதக்கணக்கில் அடைத்துப் போட வேண்டும், விளக்கேற்றக் கூடாது, குடியிருக்கக் கூடாது. அடைப்பு என்பது நம்மவர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சின்னப் பிள்ளைக்கு அடைப்பு உண்டு என்பார்கள் சிலர், இல்லை என்பார்கள் சிலர். சாத்திரம் என்ன சொன்னால் என்ன, வீடு வாங்குகிறவன் பயந்தால் அதுதான் சாத்திரம். வைத்தியர் வாசலில் கூப்பிட்டுச் சொன்னது பிழைக்காது என்று. உன் அப்பா பஞ்சாங்கத்தில் பார்த்தது பிள்ளை போகக்கூடிய நேரத்து நட்சத்திரத்தை. அவர் வண்டிக்காரர் பக்கம் திரும்பினார். "வண்டியத் திருப்புப்பா," என்று மட்டும் சொன்னார்.

திரும்பி எங்கே போவது? மதுரை ரோட்டில் இருந்த வண்டிப்பேட்டைக்குப் போனோம். வருகிற போகிற வண்டிகள் மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டுகிற இடம். அங்கே அடைப்பதற்குக் கதவு இல்லை. புளியமரத்து நிழலில் வண்டியைப் போட்டோம். அவர் பிள்ளையை என் மடியிலிருந்து வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். பொழுது சாயும் வரை வைத்திருந்தார். ஒரு சொட்டு அழுதார் என்று நான் சொல்ல மாட்டேன், அழாமல் இருந்தார் என்றும் சொல்ல மாட்டேன். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. நீ மிட்டாய் தின்றுவிட்டு, மாடுகளுக்கு வைக்கோல் போட்டு விளையாடினாய். காமாட்சி அங்கேதான் போனாள். அவளை அந்த ஊரிலேயே புதைத்தோம்.

வீட்டுக்குத் திரும்பியபோது அக்கம்பக்கத்தில் கேட்டார்கள். பெரியவளை அத்தை வீட்டில் விட்டிருக்கிறோம், காற்று மாறட்டும் என்று அவர் முந்திக்கொண்டு சொன்னார். நான் சத்தம் போட்டு அழக் கூடாது. அழுதால் வீட்டில் சாவு என்று தெருவுக்குத் தெரியும். அந்த வாரத்திலேயே ஜவுளிக்கடைக்காரர் குடும்பத்தோடு வந்து பால் காய்ச்சினார். அவர் மனைவி நல்ல பெண். "ராசியான வீடுன்னு சொன்னாக. பிள்ளைக எங்கக்கா, ரெண்டுதான் நிக்குது?" என்று கேட்டாள். ஒரு பிள்ளை ஊருக்குப் போயிருக்கிறது என்று என் வாயால் சொல்ல வைத்தார் உன் அப்பா. பக்கத்தில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சொன்னேன். பிறகு ரிஜிஸ்தர் ஆபீசில் கையெழுத்தும் போட்டேன். நான் அழுததெல்லாம் அடுத்த வீட்டில், கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டு. அந்த வீடும் விற்பனைக்குத்தான்.

இப்படி ஒரு மனுஷனை மோசமானவர் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டால் எனக்கு வேலை சுலபமாகிவிடும். அது முடியவில்லை. உனக்கு அம்மை போட்டபோது வேப்பிலையோடு உன் பாயருகே தரையில் கிடந்தவர் அவர்தான். ஒவ்வொரு தெருவிலும் ஒரு மனையை விற்காமல் விட்டுக் கிணறு வெட்டினார். ஆலையில் நூல் பிரிக்கிற பெண் ஒருத்தி பாதிப் பணம்தான் இருக்கிறது என்று வந்தபோது, மீதியை நீ குடியேறி நிம்மதியாகத் தா என்று சாவியைக் கொடுத்ததை நானே பார்த்தேன். அவருடைய படத்தைப் படிப்பகத்தில் மாட்ட வேண்டும் என்று இன்றைக்குச் சொல்கிறவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கெல்லாம் அவரால் வீடு இருக்கிறது. அந்த வீடுகளில் அவர்கள் ஆணி அடித்திருக்கிறார்கள், பிள்ளை பெற்றிருக்கிறார்கள், செத்தும் போயிருக்கிறார்கள். எல்லாருக்கும் அதைக் கொடுத்தவர் எனக்கு மட்டும் அடுத்த வீட்டைக் காட்டிக்கொண்டே இருந்தார். ஊருக்கு அவர் குடும்பஸ்தர். அந்தப் பெயர் நம் நான்கு பேரையும் வாசலில் நிறுத்திச் சம்பாதித்தது.

அவர் போனதைப் பற்றி உன் குறிப்பில் ஒரே வரி எழுதியிருக்கிறாய்: வேலையிடத்திலேயே உயிர் நீத்த உழைப்பாளி. அதையும் திருத்து. நெஞ்சு வலி வந்து இந்த வீட்டில்தான் படுத்திருந்தார். யுத்தம் முடிந்த சமயம். அவர் கடைசியாகக் கட்டிய வீடு இது, அப்போதும் விற்பனைக்கு நின்றது. மூன்றாம் நாள் காதர் அண்ணனைக் கூப்பிட்டு, தன்னைக் கட்டிலோடு தூக்கி எதிர் மனையில் உள்ள சுண்ணாம்புக் கொட்டகையில் கொண்டுபோய் வைக்கச் சொன்னார். நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டேன்.

"விடு. வீடு கெட்டுப் போகும்," என்றார்.

"போகட்டும்."

"ஒனக்குப் புரியாது. பிள்ளைக்கு ஒரு நாயம், எனக்கு ஒரு நாயமா?"

காமாட்சியைப் பற்றி அவர் அத்தனை வருஷத்தில் சொன்ன ஒரே வார்த்தை அதுதான். கொட்டகையில் சுண்ணாம்பு மூட்டைகளுக்கு நடுவே இரண்டு நாள் இருந்து போனார். தன் நியாயத்திலிருந்து அவர் தவறவில்லை. அதை நினைத்து மனம் ஆறும்படி எத்தனையோ பேர் எனக்குச் சொன்னார்கள். எனக்கு ஆறவில்லை. பிள்ளையை வண்டிப்பேட்டையில் விட்டதற்குத் தானும் கொட்டகையில் கிடந்து கணக்கைத் தீர்த்துவிட்டார். என் கணக்கில் அப்படி ஒன்றும் தீரவில்லை. அவர் போன இடத்தில் நான் ஒரு விளக்கு ஏற்றி வைக்கவாவது விட்டுவைத்தாரா? அந்தக் கொட்டகையைப் பிரித்து அதன் மேல் நீ வீடு கட்டி விற்றுவிட்டாய். பிரித்தது பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம்.

இப்போது உன் இரண்டாவது காகிதத்துக்கு வருகிறேன். முந்தாநாள் காதர் அண்ணன் ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார். வந்த ஆள் அறை அறையாக அளந்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார். என்னையும் பார்த்தார். என் கால் வீக்கத்தைக் கொஞ்ச நேரம் கூடுதலாகவே பார்த்தார். அவர் போன பிறகு காதர் அண்ணன் வெற்றிலையைக் கையில் வைத்துக்கொண்டு போடாமலே உட்கார்ந்திருந்தார்.

"என்னண்ணே கேட்டாரு அவரு?" என்றேன்.

"வாங்குறவன் என்ன கேப்பான் தங்கச்சி? வீட்ல யாரும் சாகலையேன்னு கேட்டான்."

"நீங்க என்ன சொன்னிங்க?"

"இன்னும் இல்லன்னேன்."

நான் சிரித்தேன். மூச்சு இரைக்கும் வரை சிரித்தேன். அவரும் சிரித்தார், பிறகு மேல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தம்பி எனக்கும் எழுதியிருக்கான். ஆனிக்குள்ள ஒங்கள திருமங்கலத்துல கொண்டுபோய் விடணுமாம். கார் பிடிச்சுக் கூட்டிப் போகச் சொல்றான்."

"வண்டியில்லாம காரா. பரவால்ல, காலம் மாறிருச்சு."

"நா கூட்டிப் போக மாட்டேன் தங்கச்சி. அன்னைக்கு அந்தக் கட்டில ஒரு தடவ தூக்குனேன். இன்னொரு தடவ என்னால ஆகாது."

மகனே, நீ கெட்ட எண்ணத்தில் எழுதியிருக்க மாட்டாய். உன் அக்கா என்னைத் தாங்குவாள், அது எனக்குத் தெரியும். அவள் வாழ்க்கைப்பட்டது அதே அத்தை மகனுக்கு, அதே வீட்டுக்கு என்பதும் உனக்குத் தெரியும். உன் அத்தை இப்போது இல்லை. ஆனால் அந்த நிலைப்படி இருக்கிறது. நோயோடு அந்த வாசலில் போய் இறங்க என்னால் முடியாது. காற்று மாறும் என்று எழுதியிருந்தாயே, அந்த வார்த்தையை நீ எங்கே படித்தாய்? அப்பாவிடம் கேட்டிருப்பாய். அவர் தொழிலை நீ எடுத்துக்கொண்டபோது அவருடைய நூல் குண்டும் அளவுக்கோலும் மட்டும் உன் கைக்கு வந்தன என்று நினைத்தேன். வார்த்தையும் சேர்ந்து வந்திருக்கிறது. யாரோ வாங்கப்போகிற வீட்டைச் சுத்தமாக வைப்பதற்குச் சொந்த மனுஷரை வெளியே எடுப்பது உன் கைக்கும் வந்துவிட்டால், நாளைக்குப் பாலுவின் கைக்கும் வரும். இங்கிலீஷில் அழகாகச் சொல்லுவான்.

நான் புத்தி சொல்லக் கற்றவள் இல்லை. தெரிந்ததைச் சொல்கிறேன். நீ எத்தனை வீடு வேண்டுமானாலும் கட்டு, விற்றுக்கொள். உன் மனைவியையும் பிள்ளைகளையும் ஒரு வீட்டில் வை. வீடு பார்க்க வருகிறவன் முன்னால் அவர்களைச் சிரிக்கச் சொல்லாதே. மருமகள் போன தடவை வந்தபோது, பட்டணத்தில் நாலு வருஷத்தில் மூன்று வீடு மாறியாயிற்று அத்தை என்று சொல்லிச் சிரித்தாள். நான் அந்தச் சிரிப்பைச் சிரித்திருக்கிறேன். அவளிடம் கேட்டுப் பார், எந்தச் சுவரில் ஆணி அடித்திருக்கிறாள் என்று.

பத்திரத்தைத் திருப்பி இதனுடன் அனுப்பியிருக்கிறேன். கையெழுத்து இல்லை. இதுவரை எத்தனையோ பத்திரத்தில் முழுப் பெயரும் எழுதியவள், இதில் எழுத மாட்டேன். இந்த வீடு என் பெயரில் இருக்கிறது. இதில்தான் இருப்பேன், இதில்தான் போவேன். எந்த நட்சத்திரத்தில் போகிறேன் என்பதைப் பஞ்சாங்கத்தில் பார்க்கிற வேலை எனக்கு இல்லை. அவிட்டத்தில் போனால் வீட்டை அடைத்துப் போடுங்கள். ஆறு மாதம் என்றால் ஆறு மாதம். கதவில் பூட்டுத் தொங்கட்டும். தெருவில் போகிறவர்கள், இது யார் வீடு, ஏன் பூட்டிக் கிடக்கிறது என்று கேட்கட்டும். இது இன்னாருடைய வீடு, அவள் இதில் குடியிருந்தாள், இதில் செத்தாள் என்று ஒருவராவது பதில் சொல்லுவார்கள். என் மகளுக்காக எந்த வீட்டையும் ஒருநாள்கூட அடைக்கவில்லை. அவளுக்கும் சேர்த்து இது அடைபட்டுக் கிடக்கட்டும். அது முடிந்த பிறகு விற்றுக்கொள், நான் ஆட்சேபிக்க வரப்போவதில்லை.

உன் வாழ்க்கைக் குறிப்பில் மிட்டாய் வாங்கிய வரியை எடுத்துவிடு. அல்லது முழுவதையும் எழுது. இரண்டில் எதைச் செய்தாலும் சரி, நடுவில் ஒன்று வேண்டாம்.

நேற்று முன்னறைச் சுவரில் ஆணி அடித்தேன். காதர் அண்ணன் அடித்துத் தருகிறேன் என்றார், நான் சுத்தியலைக் கொடுக்கவில்லை. முக்காலியில் ஏறி, சுவரைப் பிடித்துக்கொண்டு நானே அடித்தேன். நீ போன வருஷம் அனுப்பிய படத்தில் உன் காமாட்சி கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள். அதைப் பெட்டியில் வைத்துவிட்டேன். அவளுக்கு வருகிற ஆடியில் எட்டு முடிகிறது. நல்ல ஸ்டூடியோவில் கூட்டிப் போய், கண் திறந்திருக்கும்போது, அவளைத் தனியாக நிற்கவைத்து ஒரு புதுப் படம் எடுத்துத் தபாலில் அனுப்பு. ஆணி அடித்த இடத்தில் பூச்சு ஒரு கை அகலத்துக்கு உதிர்ந்துவிட்டது, அதை மறைக்கிற அளவுக்குப் பெரிதாக இருந்தால் நல்லது. விலாசம் இதேதான். மாறவில்லை.

உன் அம்மா